சங்கிலியில் சிக்கிய பொன்னாடை

1

போன மாதம் இங்கே மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஓர் அருங்காட்சியகத்தின் கூடத்தில், எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் போர்த்திய பொன்னாடை என் மகள் உட்கார்ந்திருந்த மோட்டார் சைக்கிளின் சங்கிலியில் சிக்கிக்கொண்டது. யார் அனுப்பினார்களோ, படம் சிவகாசி வரைக்கும் வந்துவிட்டது. உன் பெண் சர்க்கஸில் சேர்ந்துவிட்டாளா என்று பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கேட்டான். இன்னொருவன் விபத்து என்றே முடிவு கட்டி, எந்த ஆஸ்பத்திரி, எலும்பு ஏதாவது முறிந்ததா என்று விசாரித்தான். ஆளுக்கொரு தடவை சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரேயடியாக எழுதிப் போட்டுவிட்டால் எல்லோரும் படித்துக்கொள்ளலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் சிவகாசி அச்சகங்களில் மை பூசியே வளர்ந்தவன். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் செனாயில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு தொழிற்சாலைக்குப் புது மெஷின் பூட்டி ஓட்டிக் காட்ட வந்தேன். மெஷின் ஓடத் தொடங்கியது, நான் இங்கேயே நின்றுவிட்டேன். வார நாளில் மெஷின் சத்தத்தில் யாரிடமும் பேச முடியாது. அந்தக் குறையை விடுமுறை நாளில் தீர்த்துக்கொள்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சங்கத்து ஆண்டு விழா எதுவானாலும் மைக் என் கையில்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊர்க்காரர் தமிழ் நன்றாகப் பேசுவார் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நானும் கெடுக்கவில்லை.

2

என் மனைவி மகேஸ்வரி இங்கேயே, பக்கத்து உலு திராமில் பிறந்தவள். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், அப்பா லாரி ஓட்டினார், இவள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். மூன்று தலைமுறையின் வரலாறு அவ்வளவுதான்.

பெண் பார்க்கப் போன அன்றைக்கே எனக்கும் மலேசியத் தமிழுக்கும் ஒரு மோதல் நடந்தது. "உங்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள். நம் பக்கம் மோட்டார் என்றால் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. சுவிட்சைப் போட்டால் அதுவே ஓடுமே என்றேன். இங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள் என்பது எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவளுடைய தங்கைகளுக்கு நான் இன்று வரைக்கும் சுவிட்ச் மாமாதான்.

கேட்ட காரணம் பிறகுதான் புரிந்தது. ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலைக் கடந்து போகிற சாலையை இங்கே எல்லோரும் பாலம் என்கிறார்கள். பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே அதில் மோட்டார் வரிசை கட்டிவிடும். கைப்பிடியோடு கைப்பிடி உரச, புகையைக் குடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். மழை வந்தாலும் ஒதுங்க இடம் கிடையாது. மகேஸ்வரி கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த வரிசையில் நிற்கிறாள். மின்சாதனங்களுக்கு உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. என்னைவிட அவளுக்குச் சம்பளம் அதிகம். இதைக் கேட்டால் ஊரில் உள்ள என் அண்ணன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். போகட்டும், அவர் முகம்தானே.

மலேசியப் பெண்ணைக் கட்டிய வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இந்த நாட்டில் சீக்கிரத்தில் நாற்காலி கிடைக்காது. என் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் மனைவியும் கூடவே வந்து உட்கார்ந்து, ஆமாம், இவர் என் புருஷன்தான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். எண்ணை எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கும்போது, என்னைத் திருப்பிக் கொடுத்தால் என்ன விலை கிடைக்கும் என்று கேட்பாள். சிவப்பு அட்டை கிடைத்து நான் நிரந்தரவாசி ஆனபோது கேசரி கிண்டினாள். இனிமேல் உங்களுக்கு ஜாமீன் நிற்கிற வேலை எனக்கு இல்லை என்பதே அன்றைக்கு அவளுக்குப் பெரிய சந்தோஷம்.

3

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. கோலாலம்பூரில் வரைகலை படித்துவிட்டு வந்தாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். கோபம் வந்தால் மலாய். தமிழ் அவளுக்குப் புரியும், ஆனால் நீளமாகப் பேச வேண்டிய இடம் வந்தால்தான் அதை வெளியே எடுப்பாள், விருந்தாளிக்கு மட்டும் எடுக்கிற பீங்கான் தட்டைப் போல. மேடைத் தமிழுக்குப் பேர் வாங்கியவனின் பெண் இப்படி என்று எனக்கு வருத்தம் உண்டு. அதைப் பல தடவை அவளிடமே சொல்லிவிட்டேன். ஓகேப்பா என்பாள்.

ஜொகூர் பாருவில் பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து, சமகாலக் கலை அருங்காட்சியகம் என்று திறந்திருக்கிறார்கள். அங்கே சில சனிக்கிழமைகளில் நிகழ்த்துக்கலை நடக்கும். நிகழ்த்துக்கலை என்றால் மேடை, பாட்டு, ஆட்டம் எதுவும் கிடையாது. ஒரு மனிதர் பார்வையாளர்களுக்கு நடுவே ஏதாவது ஒரு காரியத்தைச் செய்துகொண்டே இருப்பார், அதுவே கலை. தர்ஷினி என்னை ஒரு முறை கூட்டிப் போனாள். ஒருவர் ஈரமான செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மை இளகி, எழுத்து எழுத்தோடு ஒட்டி, அவ்வளவு நல்ல அச்சு பாழாகிறது. அச்சுக்காரனுக்கு வயிறு எரியாதா? எழுந்து வந்துவிட்டேன்.

அதே இடத்தில் அவளுக்கும் ஒரு சனிக்கிழமை கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து சொன்னாள். முதல் தனி நிகழ்ச்சி. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அம்மாவின் பழைய மோட்டாரில் ஏறி உட்கார்ந்து, மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, காலால் தள்ளித் தள்ளி, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகப் போகிறாளாம். காலையில் கதவு திறக்கும்போது புறப்பட்டு, மாலை ஆறு மணிக்குக் கதவு மூடும்போது போய்ச் சேர வேண்டும். நடுவில் இறங்கக் கூடாது, பேசக் கூடாது, பின்னால் வரவே கூடாது. இவைதான் அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டங்கள்.

வரவேற்புரை யார் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். குத்துவிளக்கு? இல்லை. தலைமை? இல்லை. நன்றியுரையாவது உண்டா என்றேன். "யாருமே இல்லப்பா. ஆளுங்க வருவாங்க, பார்ப்பாங்க, போவாங்க. அவ்ளோதான் லா" என்றாள். மைக் இல்லாத நிகழ்ச்சியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டபோதுதான் அவள் பீங்கான் தட்டை எடுத்தாள்.

"நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடியே அம்மா போயிடுவாங்க. நான் தூங்கப் போற நேரத்துக்கு வருவாங்க. எங்க போய் நிக்கிறாங்கன்னு நான் பார்த்ததே இல்லப்பா. அந்த இடத்துல ஒரு நாள் நானும் இருந்து பார்க்கணும். அன்னைக்கு அம்மா வந்து ஒரு அஞ்சு நிமிஷம் பார்த்தா போதும்."

வண்டியை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பழைய மோட்டார் வீட்டுப் பின்புறம் தகரக் கூரையின் கீழ் சும்மா நின்றது. மகேஸ்வரி புதுசு வாங்கிய பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் வந்தது. பெட்ரோலை இறக்கிவிட வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், டயரைக் கழுவ வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டு கூடத் தரையில் விழக் கூடாது. பொண்ணு கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு நிபந்தனை போட மாட்டார்கள். எல்லாவற்றையும் நானே செய்து கொடுத்தேன். சங்கிலியை மூடுகிற தகடு எப்போதோ உடைந்து விழுந்திருந்தது. புதுசு போட்டுவிடலாமா என்று கேட்டேன். அம்மா ஓட்டியபடியே இருக்கட்டும் என்றாள் தர்ஷினி.

4

மகேஸ்வரியிடம் கேட்காமல் வண்டியைக் கொடுத்தது தப்பாகிவிட்டது. துணி காயப் போடப் போனவள் தகரக் கூரையின் கீழ் வெறும் தரையைப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். நான் விழா மேடையில் விளக்குவது போல முன்னுரையோடு தொடங்கினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கே என்று மறுபடி கேட்டாள். சொன்னேன்.

அவள் சத்தம் போடுகிறவள் கிடையாது. துணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"அவ அந்த வரிசையில நிக்கக் கூடாதுன்னுதான் நான் போய் நின்னேன். படிக்க வெச்சேன். இப்ப அவளே போய் அதுல உட்கார்ந்துக்குவா, ஊர்ல உள்ளவங்க வந்து வேடிக்கை பார்ப்பாங்க. அப்படித்தானே?"

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மகள் சொன்னதிலும் தப்பு தெரியவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தர்ஷினியும் அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். அன்று எனக்கு வேலை இருக்கிறது என்று ஒரே பதில். சனிக்கிழமை மகேஸ்வரிக்கு அரை நாள் வேலைதான், மத்தியானம் வந்துவிடலாம். ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி சனியிலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிய பிறகு பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம் பழகிக்கொண்டன. சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு ஜொகூரின் விடுமுறையைப் பற்றி என்ன கவலை? வேலை முடிந்து வருவாயா என்று நானும் கேட்டேன். மார்க்கெட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

5

இதற்கு மேல் நான் செய்தது வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

மகேஸ்வரி வர மாட்டாள் என்று தெரிந்ததும் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. கூடம் காலியாகக் கிடக்கும், பெண் தனியாக மோட்டாரைத் தள்ளிக்கொண்டு இருப்பாள், மனம் உடைந்து போவாள். ஆள் சேர்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், என் மகள் தர்ஷினியின் முதல் அரங்கேற்றம், திரளாக வந்து சிறப்பிக்க வேண்டுகிறேன் என்று போட்டேன். அரங்கேற்றம் என்று போட்டால் யார்தான் சும்மா வருவார்கள்?

அந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணி வாக்கில் அருங்காட்சியக வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. அதற்கு முன்பு காலையிலிருந்து என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கதவு திறந்ததும் தர்ஷினி மழைக்கோட்டை மாட்டி, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி, மோட்டாரில் உட்கார்ந்தாள். வலது காலை ஊன்றி ஒரு தள்ளு. வண்டி கை அகலம் நகர்ந்தது. பிரேக்கைப் பிடித்தாள். காத்திருந்தாள். மறுபடி ஒரு தள்ளு. சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். தமிழை நான் பார்த்துத் திருத்திக் கொடுத்திருந்தேன். பேச மாட்டேன், இறங்க மாட்டேன், பின்னால் வர மாட்டேன் என்று அவளுடைய சட்டங்கள் அதில் இருந்தன.

கல்லூரி மாணவர்கள் கொஞ்சம் பேர் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு சீனத் தம்பதி வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வேலைக்குப் பாலம் கடக்கிற மலாய்க்கார இளைஞன் ஒருவன், இப்படித்தான், இப்படியேதான் என்று தன் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டே வெகுநேரம் நின்றான். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் கொட்டாவி வந்தது. பிறகு கால் வலித்தது. மத்தியானத்துக்கு மேல், அவள் கால் தரையில் ஊன்றும்போது முழங்கால் லேசாக நடுங்குவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கொட்டாவி வரவில்லை. என் மனைவி இதை முடித்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குகிறாள் என்பது, இத்தனை வருஷம் அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

6

வேனிலிருந்து இறங்கியவர்கள் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக வந்தார்கள். பரதநாட்டியம் என்றே நினைத்துவிட்டார்கள். எங்கள் தலைவர் சுப்ரா, பள்ளிக்கூடத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கையில் பொன்னாடைப் பெட்டியோடு முன்னால் வந்தார். நல்ல மனிதர். சங்கத்தில் ஒருவருக்கு ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்பார். ஹெல்மெட் போட்ட உருவத்தைப் பார்த்தவர், தர்ஷினி எப்போது வருவாள் என்று என் காதில் கேட்டார். அதுதான் தர்ஷினி என்றேன். கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

வந்த பெண்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கைப்பையிலிருந்து முறுக்கை எடுத்து, காவலரைப் பார்த்ததும் உள்ளே வைத்துவிட்டார். இடைவேளை எப்போது என்று தலைவர் கேட்டார். இடைவேளை கிடையாது என்றேன். அவருக்கு முகம் வாடியது. பொந்தியானில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அவர் போயாக வேண்டும், ஆறு மணி வரைக்கும் நிற்க முடியாது.

"அப்ப எப்பதான் மரியாதை பண்றது, செல்வம்? நம்ம பிள்ளைய சும்மா பார்த்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. வெற்றிலை வைத்து அழைத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது போலத்தான் இதுவும். பாடியவர், ஆடியவர், பேசியவர் யாராக இருந்தாலும் ஒரு ஆடை போர்த்தாமல் இறங்கி வந்தால் அந்த அவமானம் போர்த்தாதவருக்கு. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஆய்னா என்ற மலாய்ப் பெண். அவளிடம் என் உடைந்த மலாயில் கேட்டேன். கலைஞரைக் காயப்படுத்தாத வரைக்கும் பார்வையாளர்கள் விரும்பியதைச் செய்யலாம், நடப்பது எல்லாமே நிகழ்வின் பகுதிதான், ஆனால் நாங்கள் அலுவலர்கள் யாரும் கை வைக்க மாட்டோம் என்றாள். அவளுக்குப் பொன்னாடை என்றால் என்னவென்று தெரியாது. எனக்கு நிகழ்த்துக்கலை என்றால் என்னவென்று தெரியாது. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

தலைவர் பெட்டியைத் திறந்தார். பச்சைச் சரிகை. மாணவர்கள் வழிவிட்டார்கள். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "இப்பொழுது நமது சங்கத்தின் மாண்புமிகு தலைவர் அவர்கள் பொன்னாடை போர்த்தி..." என்று அந்த அமைதியான கூடத்தில் என் மேடைக்குரல் எதிரொலித்தது. பழக்கதோஷம். சங்கத்து ஆட்கள் கைதட்டினார்கள். அதைப் பார்த்து மாணவர்களும் தட்டினார்கள். ஹெல்மெட் மட்டும் அசையவில்லை. தர்ஷினி பிரேக்கை விட்டு, ஒரு தள்ளுத் தள்ளி, நகர்ந்துகொண்டாள். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் திருப்தியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

7

மழைக்கோட்டு வழவழப்பானது. பட்டும் வழவழப்பானது. பொன்னாடை தோளிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நுனி பின்சக்கரத்தின் பக்கம் விழுந்து, மூடியில்லாத சங்கிலியில் மாட்டி, அவள் தள்ளத் தள்ளப் பல்லுக்குள் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அவள் நகர்ந்த வேகத்துக்கு அது நிறையவே உள்ளே போய்விட்டது. வண்டி நின்றபோதுதான் நாங்கள் பார்த்தோம். ஆடையின் மறு நுனி அவள் கழுத்தைச் சுற்றி இழுபட்டுக்கொண்டிருந்தது.

தர்ஷினி காலை ஊன்றித் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள். நான் எழுந்து ஓடினேன். கழுத்தைச் சுற்றியிருந்ததை மட்டும் தளர்த்தி எடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, கீழே இறங்கவும் இல்லை. எதிர்ச் சுவர் கண்ணெதிரே இருந்தது. காலையிலிருந்து வந்த தூரத்தில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆய்னா எழுந்து நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலைவர் முகத்தில் ரத்தமே இல்லை. யாரோ கத்தரிக்கோல் என்றார்கள். நான் துணியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். இன்னும் இறுகியது.

"இழுக்காதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மகேஸ்வரி. தொழிற்சாலைச் சட்டை, கையில் ஹெல்மெட். பாலத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள். எப்போது வந்தாள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எல்லோரும் கைதட்டியதற்கு முன்பிருந்தே அந்த அம்மா வாசல் தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று காவலர் பிறகு சொன்னார்.

அவள் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தரையில் மண்டி போட்டாள். சங்கிலியை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவு துணி உள்ளே போனபிறகு முன்னால் தள்ளியோ வெட்டியோ பிரயோஜனம் இல்லை, சக்கரம் பின்னால் சுற்றினால்தான் சங்கிலி தின்றதைக் கக்கும். அது எனக்கும் தெரியும். அச்சு மெஷினில் காகிதம் சிக்கினாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கொஞ்சம் பின்னாடி வா" என்றாள் மகேஸ்வரி.

தர்ஷினியின் கை பிரேக்கை விடவில்லை. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியவில்லை. மாணவர்களில் ஒருத்தி பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மகேஸ்வரியும் பார்த்தாள். தமிழில் இருந்ததை நிதானமாகப் படித்தாள். பிறகு குரலை இறக்கி மறுபடி சொன்னாள்.

"தர்ஷு, பின்னாடி வாம்மா. நான் பிடிச்சுக்கறேன்."

தர்ஷினியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. காலை முன்னால் ஊன்றி, வண்டியைப் பின்னால் தள்ளினாள். கை அகலம். மகேஸ்வரி துணியைப் பிடித்துக்கொண்டு இன்னும் என்றாள். இன்னொரு கை அகலம். அப்படியே, தலைவர் ஆடை போர்த்திய இடத்தையும் தாண்டி, பின்னால் வந்துகொண்டே இருந்தாள். பச்சைச் சரிகை கறுப்பாகி, சுருங்கி, கடைசியில் முழுதாக வெளியே வந்தது. மகேஸ்வரி அதைச் சுருட்டித் தலைவரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மன்னிச்சுக்கம்மா என்றார். நம்ம பிள்ளைக்குப் போட்டதுதானே, விடுங்கண்ணே என்றாள்.

அவர் பொந்தியானுக்குப் போகவில்லை. வேனில் வந்த யாருமே கிளம்பவில்லை. கல்யாண வீட்டுக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

8

ஆறு மணிக்கு ஆய்னா சின்ன மணி ஒன்றை அடித்தாள். மோட்டார் சுவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் மிச்சம் இருந்தது. மாணவர்கள் மெதுவாக எழுந்தார்கள். சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தலைவர் என்னை நெருங்கி, நீ ஏதாவது பேசு, முடித்து வை என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்கள் வேனுக்குப் போனார்கள்.

தர்ஷினி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகேஸ்வரி போய் அவள் தாடைக்குக் கீழே இருந்த வாரைக் கழற்றி, ஹெல்மெட்டை எடுத்தாள். முடி எல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது. தன் சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். தர்ஷினி பாதி பாட்டிலைக் குடித்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு மிச்சம் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"போய்ச் சேர முடியலன்னு வருத்தப்படறியா?" என்று மகேஸ்வரி கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் அவளே பேசினாள்.

"பாலத்துல பின்னாடி வர முடியாது. நீ எழுதியிருக்கறது சரிதான். நீ ரெண்டாம் வகுப்பு படிக்கறப்ப, உனக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு ஸ்கூல்ல இருந்து போன் பண்ணாங்க. அப்பா ஊருக்குப் போயிருந்தாரு. அன்னைக்கு வரிசை நகரவே இல்ல, நான் இன்னும் நடுப் பாலத்துலதான் நிக்கறேன். முன்னாடி மோட்டார், பின்னாடி மோட்டார். திரும்பவே முடியல. அந்தப் பக்கம் போய், பாஸ்போர்ட்டுல சாப் குத்தி, சுத்தித்தான் வர முடிஞ்சுச்சு. வந்து பார்த்தா நீ ஸ்கூல் கேட் பக்கத்துல பையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்க. வீட்டுக்கு வந்தும் என்கிட்ட பேசல. மறுநாளும் பேசல."

எனக்கு இது தெரியாது. நான் ஊரிலிருந்து திரும்பி வந்தபோது காய்ச்சல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான் சொன்னார்கள். தர்ஷினிக்கும் பாலத்தின் கதை தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பள்ளிக்கூட வாசல் மட்டும். கூப்பிட்டும் அம்மா வேலைதான் முக்கியம் என்று உடனே வராமல் இருந்துவிட்டாள் என்று தர்ஷினி இத்தனை வருஷம் நினைத்திருந்ததை அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அவள் மோட்டாரிலிருந்து இறங்க முயன்றாள். கால் மரத்துப் போயிருந்தது. மகேஸ்வரி இடுப்பில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். தர்ஷினி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து, கரகரத்த குரலில், நல்ல தமிழில், மெதுவாகச் சொன்னாள்.

"இன்னைக்குக் காலையில இருந்து நான் யார்கிட்டயும் பேசலம்மா. முதல்ல உங்ககிட்டதான் பேசறேன்."